பாட்டுக்குப் பொய்க் கணக்கு: கண்டுபிடிப்பதும் தப்பிப்பதும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பஸ் நிலையத்துக்குப் பின்வரிசையில் இருக்கும் என் கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. ஆனால் ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. "கேசட் அக்கா கடை" என்றால்தான் தெரியும். கேசட் விற்பது நின்று பல வருடங்கள் ஆகின்றன. முன்பக்கத்தில் இப்போது பூஜைச் சாமான்களும் கைப்பேசி உறைகளும் விற்கிறேன். பின்னறையில் சுவர் முழுவதும் பஞ்சுப் பலகை அடித்து ஓர் ஒலிப்பதிவு அறை வைத்திருக்கிறேன். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் தாமான் எனப்படும் குடியிருப்புகளிலிருந்தும் உறுமி மேளக் குழுக்கள் வருகின்றன. காவடிப் பாடல் பாடுகிறவர்களும் ராப் பாடும் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களுக்குப் பதிவு செய்து, ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக் ஆகிய இசைத் தளங்களில் ஏற்றிக் கொடுப்பது என் வேலை.

ஒரு நாள் உறுமி மேளக் குழுவின் தலைவனான தம்பி ஒருவன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "அக்கா, நம் பாட்டை நான்கு நாளில் பதினோராயிரம் முறை கேட்டிருக்கிறார்கள்" என்றான். கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். கேட்பு எண்ணிக்கை 11,204. அதற்குக் கீழே இருந்த எண்ணை அவன் பார்க்கவே இல்லை. கேட்டவர்கள் 61 பேர். அதாவது ஆளுக்குச் சராசரியாக 184 முறை. பாட்டின் நீளம் மூன்று நிமிடம் நாற்பது விநாடி. முழுதாகக் கேட்டிருந்தால், ஒவ்வொருவரும் பதினொரு மணி நேரத்துக்கு மேல் இந்த ஒரே பாட்டைக் கேட்டிருக்க வேண்டும். பாட்டைத் தம் பட்டியலில் சேமித்து வைத்தவர்கள் இரண்டு பேர்.

இந்தக் கேட்புகளை அவன் விலைக்கு வாங்கவில்லை. அவனுடைய நண்பர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, 120 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து, பிறந்தநாள் பரிசாக யாரிடமோ "கேட்புகள்" வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அன்பினால் செய்த காரியம். அடுத்த சில வாரங்களில் அந்தப் பாட்டு நீக்கப்பட்டது. அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. இன்னொரு பிள்ளைக்கு இது நடக்கக் கூடாது என்றுதான் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் ரப்பர் பால் நிறுக்கும் ஸ்டோரில் வேலை பார்த்தார். மரம் சீவி முடித்து வாளிகளோடு வரிசையில் நிற்பார்கள். வாளி நிரம்பியிருப்பதைப் பார்த்து அப்பா எதையும் எழுத மாட்டார். மெட்ரோலாக் என்று ஒரு கருவி உண்டு. அதைப் பாலில் மிதக்கவிட்டால், உள்ளே காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று காட்டிவிடும். நல்ல பாலில் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது பங்கு ரப்பர் இருக்கும், மீதி பெரும்பாலும் தண்ணீர்தான். யாராவது வழியில் ஓடைத் தண்ணீரைச் சேர்த்திருந்தால், வாளி கனக்கும், மெட்ரோலாக் உண்மையைச் சொல்லும். கேட்பு எண்ணிக்கையை நான் பார்ப்பதும் அப்படித்தான். அந்தப் பெரிய எண் வாளியின் கனம் மட்டுமே. அதற்குள் எவ்வளவு ரப்பர் என்று காட்டும் எண்கள் வேறு இடத்தில் இருக்கின்றன, இலவசமாகவே இருக்கின்றன. ஆனால் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

முதலில், எதை ஒரு கேட்பு என்று எண்ணுகிறார்கள் என்பது தெரிய வேண்டும். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முப்பது விநாடி ஓடினால் ஒரு கேட்பு. அப்படியானால் ஒரு கேட்புக்கு இத்தனை சென் என்று நிலையான விலை இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. சந்தாவிலும் விளம்பரத்திலும் வரும் பணத்தில் ஒரு பங்கை உரிமைதாரர்களுக்கென ஒதுக்கி, மொத்தக் கேட்புகளில் யாருடைய பங்கு எவ்வளவோ அந்த விகிதத்தில் பிரிக்கிறார்கள். பந்தியில் ஒரே அண்டாச் சோறு. ஒருவன் பத்து இலையைத் தன் முன்னால் விரித்து வைத்தால், கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனின் இலைக்குச் சோறு குறையும். அந்தக் கடைசி வரிசையில் இருப்பது நம் பிள்ளைகள்தான். "யாருக்கும் நட்டமில்லை அக்கா" என்று சொல்கிறவர்களிடம் நான் கோபப்படுவது இதனால்தான்.

2024 முதல் ஸ்பாட்டிஃபை இரண்டு விதிகளைக் கொண்டுவந்தது. கடந்த 12 மாதங்களில் ஒரு பாட்டு 1,000 கேட்புகளையாவது எட்டியிருந்தால்தான் ஒலிப்பதிவுக்கான பணம் வரும். அதோடு, குறிப்பிட்ட அளவு தனித்தனி ஆட்களும் கேட்டிருக்க வேண்டும். அந்த அளவு எவ்வளவு என்பதை, ஏமாற்றுகிறவர்களுக்கு உதவக் கூடாது என்று, வெளியில் சொல்வதில்லை. அடுத்த விதி, அப்பட்டமான பொய்க் கேட்புகள் தெரிந்தால் பாட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று பாட்டை ஏற்றிய நிறுவனத்திடம் (நம்மிடமிருந்து பாட்டை வாங்கித் தளங்களில் சேர்க்கும் இடைநிலை நிறுவனம்) அபராதம் வசூலிப்பது. அந்த நிறுவனம் அதை யார் தலையில் கட்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பாட்டை ஏற்றும்போது "ஒப்புக்கொள்கிறேன்" என்று நாம் அழுத்தும் ஒப்பந்தத்தில் அதற்கான வரி இருக்கும். தேடிப் படியுங்கள்.

1,000 என்றதும் பல பிள்ளைகள் பயந்துபோய் விற்பவனைத் தேடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 84 கேட்பு இருந்தால் வருடத்தில் ஆயிரம் தாண்டிவிடும். முப்பது பேர் மாதம் மூன்று முறை கேட்டால் போதும். ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவில் உங்கள் மேளத்துக்குப் பின்னால் நடந்து வருகிறவர்களே முப்பது பேருக்கு மேல் இருப்பார்கள்.

சரி, இப்போது மெட்ரோலாக்கைப் பாலில் விடுவோம். பாடகர்களுக்கென்று ஸ்பாட்டிஃபை தரும் தனிச் செயலியில் உங்கள் பாட்டைத் திறவுங்கள். நான் முதலில் பார்ப்பது கேட்புகளைக் கேட்டவர்களால் வகுத்து வரும் எண். இந்தப் பின்னறையில் பதிவான பாட்டுகளில் அது பெரும்பாலும் இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவில் நிற்கிறது. புதுப் பாட்டை வீட்டார் கொண்டாடும் முதல் வாரத்தில் எட்டு, பத்து வரை போனதுண்டு. 184 என்பது மனிதர்கள் செய்யும் காரியம் இல்லை. இதற்கு நேர் எதிரான அடையாளமும் உண்டு: ஐயாயிரம் பேர் கேட்டிருப்பார்கள், ஆளுக்குச் சரியாக ஒரே முறை, சேமித்தவர் ஒருவரும் இல்லை. விற்பவர்கள் கொஞ்சம் புத்திசாலிகளாக இருந்தால் இப்படிச் செய்வார்கள். அதனால் வகுத்தல் கணக்கை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

அடுத்தது ஊர்கள். நம் ஊர்ப் பாட்டுக்குக் கோலாலம்பூர், கிள்ளான், ஈப்போ, பினாங்கு, ஜொகூர் பாரு, சிங்கப்பூர், பிறகு சென்னை என்று வருவது இயல்பு. சுங்கை சிப்புட் என்ற பெயரே பட்டியலில் இல்லையே என்று வருந்த வேண்டாம். கைப்பேசி இணையத்தில் கேட்கிறவர்களின் ஊரைப் பல நேரங்களில் பெரிய நகரத்தின் பெயரிலேயே காட்டுகிறது. ஆனால் காவடிச் சிந்துக்கு முதலிடத்தில் அமெரிக்காவின் ஆஷ்பர்ன், இரண்டாமிடத்தில் ஜெர்மனியின் பிராங்பேர்ட் என்று வந்தால், அங்கே பக்தர்கள் திடீரென்று பெருகிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். இரண்டுமே பெரிய கணினி மையங்கள் குவிந்திருக்கும் இடங்கள். அங்கே கேட்பது காது இல்லை, இயந்திரம்.

பிறகு வரைபடத்தின் வடிவம். இதைத்தான் நான் அதிக நேரம் உற்றுப் பார்ப்பேன். உண்மையான பாட்டின் கோடு மலைச்சரிவு போல் இருக்கும். வெளியான அன்று ஏறும், மெல்ல இறங்கும், வெள்ளி சனியில் சற்றுத் தலைதூக்கும். ஈப்போ குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்குக் காவடி எடுக்கும் தைப்பூச வாரத்தில், மூன்று வருடத்துக்கு முன் பதிவான பாட்டுகூட மீண்டும் எழுந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கோட்டைப் பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். எங்கோ யாரோ வேல் குத்தும் இடத்தில் நம் பிள்ளைகளின் உறுமி ஒலிக்கிறது. வாங்கிய கேட்புகளின் கோடோ சுவர் போல் இருக்கும். ஒரே நாளில் செங்குத்தாக ஏறி, நான்கு நாள் இரவு பகல் வித்தியாசமின்றித் தட்டையாக ஓடி, ஐந்தாம் நாள் செங்குத்தாக விழும். அதுவரை சேர்ந்த மொத்தக் கேட்புகள் பெரும்பாலும் சொல்லிவைத்தாற்போல் நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய எண்ணிக்கையை ஒட்டியிருக்கும்.

கடைசியாக, எந்த வழியாகக் கேட்டார்கள் என்பது. தேடிப் போய்க் கேட்டார்களா, தம் சொந்தப் பட்டியலிலிருந்தா, வேறு ஒருவர் தொகுத்த பிளேலிஸ்ட்டிலிருந்தா என்று செயலி பிரித்துக் காட்டும். கேட்புகள் மொத்தமும் ஒரே அறிமுகமில்லாத பிளேலிஸ்ட்டிலிருந்து வந்திருந்தால், அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். உங்கள் உறுமிப் பாட்டுக்கு முன்னால் தூக்கத்துக்கான பியானோ, பின்னால் ஏதோ ஒரு நாட்டின் நடன இசை என்று ஒட்டாத பாட்டுகள் கிடந்தால் சந்தேகப்படுங்கள். உண்மையான மனிதர் ரசித்துத் தொகுத்த பட்டியலில் ஒரு ருசி தெரியும்.

ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டார்: "இவ்வளவு பெரிய கடலில் நம் பத்தாயிரத்தை யார் கவனிக்கப் போகிறார்கள், அக்கா?" நியாயமான கேள்விதான். அவருக்கு ஒரு வழக்கைச் சொன்னேன். அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த மைக்கேல் ஸ்மித் என்பவர் மீது 2024 செப்டம்பரில் நியூயார்க்கில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய இலட்சக்கணக்கான பாட்டுகளை ஏற்றி, தானியங்கிக் கணக்குகளை வைத்து அவற்றை ஓடவிட்டு, ஒரு கோடி டாலருக்கு மேல் உரிமைத்தொகை பெற்றார் என்பது குற்றச்சாட்டு. 2017இல் அவர் போட்டதாக அதில் சொல்லப்படும் கணக்கைப் பாருங்கள்: 1,040 கணக்குகள், ஒவ்வொன்றும் நாளுக்கு ஏறக்குறைய 636 பாட்டுகள், மொத்தம் 6,61,440 கேட்புகள். கேட்புக்குச் சராசரி அரை அமெரிக்க சென் வீதம் நாளுக்கு 3,307 டாலர். ஏன் அத்தனை பாட்டுகள்? எந்த ஒரு பாட்டிலும் எண்ணிக்கை துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது என்று ஆயிரக்கணக்கான பாட்டுகளில் மெல்லிசாகத் தடவினார்கள். அவ்வளவு மறைத்தும் வழக்கு வந்தது. நம் பிள்ளையோ ஒரே பாட்டில் நான்கு நாளில் பதினோராயிரத்தைக் குவிக்கிறான். வெட்டவெளியில் நெருப்பு மூட்டியது போல் அது தெரியும். டென்மார்க்கிலும் 2024இல் ஒருவருக்கு இதே மாதிரி மோசடிக்காக நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. தகப்பனார் அதன் பிறகு பேசவில்லை; மகனுக்குப் புது மைக் வாங்கிக் கொடுத்தார்.

விற்பவர்களின் பேச்சையும் தெரிந்துகொள்ளுங்கள். "கேட்புகள் விற்கிறேன்" என்று அவர்கள் சொல்வதில்லை. "இயல்பான வளர்ச்சி", "விளம்பரத் தொகுப்பு", "பிளேலிஸ்ட்டில் இடம்" என்றுதான் சொல்வார்கள். எண்ணுக்கு யாராவது உத்தரவாதம் கொடுத்தால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துங்கள். விளம்பரம் செய்ய முடியும். பாட்டை ஆட்களின் காதுக்கு அருகில் கொண்டுபோக முடியும். ஆனால் இத்தனை பேர் கேட்பார்கள் என்று மனிதர்களை நம்பி யாராலும் உறுதி தர முடியாது, இயந்திரத்தை நம்பித்தான் தர முடியும். பணம் அனுப்பச் சொல்லி வங்கிக் கணக்கு எண் கொடுத்தால், அரச மலேசியப் போலீஸ் படையின் செமாக் மூல் (Semak Mule) இணையத் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். அதன் மீது புகார் இருந்தால் காட்டும். ஏமாந்து பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளாமல், உடனே வங்கியையோ மோசடிப் புகாருக்கான 997 எண்ணையோ அழையுங்கள். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

இன்னொன்று சொல்ல மனம் கூசுகிறது, ஆனால் சொல்ல வேண்டும். வீட்டில் அம்மாக்கள், சித்திகள் ஒலியை அணைத்துவிட்டு இரவு முழுவதும் பிள்ளையின் பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுகிறார்கள். இதுவும் பொய்க் கேட்புதான். கேட்கும் எண்ணமே இல்லாமல் ஓடும் எதையும் ஸ்பாட்டிஃபை செயற்கை என்றே வகைப்படுத்துகிறது. சமையல் செய்யும்போது சத்தமாக வைத்து உண்மையாகக் கேளுங்கள் அம்மா, அது போதும்.

ஒன்றும் அறியாத பிள்ளைகளுக்கும் இந்தத் தொல்லை வருகிறது. தானியங்கிப் பட்டியல் நடத்துகிறவர்கள், சந்தேகம் வராமல் இருக்க, பணம் கொடுத்தவர்களின் பாட்டுகளுக்கு நடுவே பணம் கொடுக்காதவர்களின் பாட்டையும் செருகுகிறார்கள். சில நேரம் முதலில் இலவசமாகச் செருகிவிட்டு, பிறகு "தொடர வேண்டுமானால் பணம் அனுப்பு" என்று செய்தி அனுப்புவதும் உண்டு. அப்படி நேர்ந்தால் அந்த ஆளுக்குப் பதில் எழுத வேண்டாம். வரைபடம், ஊர்கள், பிளேலிஸ்ட் மூன்றையும் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஸ்பாட்டிஃபையில் அந்தப் பட்டியலைப் பற்றிப் புகார் செய்ய வழி இருக்கிறது, அதைச் செய்யுங்கள். பிறகு, உங்கள் பாட்டை ஏற்றிய நிறுவனம் உங்களுக்கு எழுதும் முன் நீங்கள் அவர்களுக்கு எழுதுங்கள். இதில் ஒரு நாள்கூடத் தாமதம் வேண்டாம். முதலில் பேசியவரின் சொல்லுக்கு எடை அதிகம்.

நான் ஆங்கிலத்தில் அனுப்பும் கடிதத்தின் சாரம் இதுதான்: "இந்தப் பாட்டு, இந்த ஐ.எஸ்.ஆர்.சி. எண். இந்தத் தேதியிலிருந்து கேட்புகள் இயல்புக்கு மாறாக ஏறியுள்ளன. காரணம் இந்தப் பிளேலிஸ்ட் என்று கருதுகிறோம், இணைப்பு கீழே. நாங்கள் யாருக்கும் பணம் கொடுக்கவில்லை, யாரையும் அமர்த்தவில்லை. இந்தக் கேட்புகளுக்கான பணம் எங்களுக்கு வேண்டாம். இந்தக் கடிதத்தைப் பதிவில் வைத்துக்கொண்டு, கிடைத்ததற்கு உறுதி அனுப்புங்கள்." ஐ.எஸ்.ஆர்.சி. என்பது ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உள்ள, எழுத்தும் எண்ணுமாகப் பன்னிரண்டு குறிகள் கொண்ட அடையாளம். பாட்டை ஏற்றிய கணக்கிலேயே அது இருக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியிருந்தால், வாங்கவில்லை என்று எழுதாதீர்கள். மேளக்காரத் தம்பியின் விஷயத்தில் நாங்கள் நடந்ததை அப்படியே எழுதினோம்: நண்பர்கள் பரிசாகச் செய்தார்கள், எங்களுக்குத் தெரிந்ததும் உங்களுக்குச் சொல்கிறோம். அந்தப் பாட்டு போனது. மற்ற நான்கு பாட்டுகளும் கணக்கும் நின்றன. போன பாட்டைப் பெயர் மாற்றி மீண்டும் ஏற்றலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார், நான் மறுத்துவிட்டேன். ஒலியை வைத்தே அதே பதிவு என்று கண்டுபிடிக்கும் மென்பொருள் இருக்கிறது, இரண்டாம் முறை பிடிபட்டால் கணக்கே போகும். தம்பி அந்தப் பாட்டைப் புது மேளத்தோடு மறுபடி வாசித்தான், புதுப் பதிவாகவே ஏற்றினோம். எனக்கு முதல் பதிவைவிட இது பிடித்திருக்கிறது.

கோயில் கமிட்டிக்காரர்களுக்கும் இரண்டு வார்த்தை. திருவிழாவுக்குப் பாடகரை அமர்த்தும்போது யூடியூப் பார்வைகளை வைத்துச் சம்பளம் பேசுகிறீர்கள். அந்த எண் கேசட் காலத்து விற்பனைக் கணக்கு போன்றது இல்லை. ஒரு காலத்தில் யூடியூபே எண்ணிக்கையை 301இல் நிறுத்தி வைத்து, உண்மையா என்று சோதித்துவிட்டுத்தான் மேலே விட்டது. 2015இல் அந்த முறையைக் கைவிட்டார்கள். விளம்பரம் கொடுத்துப் பார்வைகளைப் பெறுவது அனுமதிக்கப்பட்ட வழிதான், குற்றமில்லை. ஆனால் அது ரசிகர்களின் அளவு ஆகாது. யூடியூபே 2019 செப்டம்பரில், விளம்பரமாகப் பணம் கொடுத்து வந்த பார்வைகளை இசைத் தரவரிசையில் சேர்க்க மாட்டோம் என்று அறிவித்தது. ஆகவே பார்வைகளை விட்டுவிட்டுக் கருத்துகளைப் படியுங்கள். "எங்கள் அக்கா கல்யாணத்தில் இந்தப் பாட்டு போட்டோம்" என்பது போன்ற வரி பத்து இருந்தால் அந்தப் பாடகரை நம்பி அழையுங்கள். நெருப்புப் படமும் கைதட்டல் படமும் மட்டும் நூறு இருந்தால், ஒரு முறை நேரில் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அந்த 120 வெள்ளியை என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். என் அனுபவத்தில் நன்றாகப் பலித்தது ஒன்று. உறுமியின் மேல் சுற்றும் துணியில் பாட்டுக்கான கியூஆர் குறியைப் பெரிதாக அச்சடித்து ஒட்டினோம். ஊர்வலம் நிற்கும் இடத்தில் ஆட்கள் தாமாகவே கைப்பேசியை நீட்டினார்கள். அந்த மாதம் 230 பேர் வந்தார்கள், அதில் 58 பேர் பாட்டைச் சேமித்தார்கள். சொந்தமாகப் பாட்டு எழுதி மெட்டமைக்கிறவர்கள் எம்.ஏ.சி.பி. (MACP) என்ற மலேசியப் பாட்டு உரிமை அமைப்பில் உறுப்பினராகப் பதிந்துகொள்ளுங்கள். பொது இடங்களிலும் வானொலியிலும் பாட்டு ஒலிக்கும்போது எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சேர வேண்டிய பணம் அது வழியாகத்தான் வருகிறது.

உங்கள் எண்ணில் சந்தேகம் இருந்தால் மாலை நான்கு மணிக்கு மேல் கடைக்கு வாருங்கள். பார்த்துச் சொல்வதற்குப் பணம் வாங்குவதில்லை. தைப்பூசத்துக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் பின்னறையில் நிற்க இடம் இருக்காது, அப்போது காலையில் வாருங்கள். கைப்பேசியில் சார்ஜ் இருக்கட்டும், கணக்கின் கடவுச்சொல் நினைவில் இருக்கட்டும். யாருக்காவது பணம் அனுப்பியிருந்தால் அந்த ரசீதையும் மறைக்காமல் கொண்டு வாருங்கள்.